சிக்னல் லைற் மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் முறை

மோட்டார் சைக்கிளில் பல்பு போட்ட சிக்னல் லைற்றை மாற்றி எல்.ஈ.டி. லைற் பூட்டினால், கழற்றிய பழையதைப் பல்போடு பத்திரமாக வைத்திருங்கள். புது எல்.ஈ.டி. லைற் நான்கும் ஒழுங்காக வேலை செய்கிறது என்று உறுதியாகும் வரை அதைவிட நல்ல சோதனைச் சாமான் கிடையாது. கீழே வரும் அறிகுறிகள் பலவற்றுக்கு, பழைய பல்பு ஒன்றை அதே வயரில் கொழுவிப் பார்த்தாலே காரணம் பிடிபட்டுவிடும். புது லைற் சரியில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் கோளாறு பெரும்பாலும் லைற்றை மின்னவைக்கும் பிளாசரில், வண்டியின் இரும்புச் சட்டமான சேசி வழியாகக் கரண்ட் பற்றரி மைனஸுக்குத் திரும்பும் ஏர்த்தில், அல்லது சிக்னல் போட்டால் மீற்றருக்குள் மின்னும் சின்னப் பைலட் பல்பில் இருக்கும். லைற்றைக் கடைசியாகச் சந்தேகப்பட்டால் போதும்.

முதலில் கரண்ட் போகும் வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பற்றரி பிளஸ், பியூஸ், திறப்பு போடும் சுவிச், அதன்பின் பிளாசர். பிளாசரிலிருந்து ஒரு வயர் ஹாண்டிலில் உள்ள சிக்னல் சுவிச்சுக்கு வரும். அங்கே அது இடம், வலம் என்று இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பக்கத்து வயரும் முன்னுக்கு ஒரு லைற்றுக்கும் பின்னுக்கு ஒரு லைற்றுக்கும் போய், லைற்றின் மற்ற வயர் ஏர்த்தில் முடியும். சுவிச்சுக்கு முன்னால் பழுது என்றால் இரண்டு பக்கமும் போகும். சுவிச்சுக்குப் பின்னால் பழுது என்றால் ஒரு பக்கமோ ஒரு லைற்றோ மட்டும் போகும். இந்த ஒரு பிரிப்பே தேடும் வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

வேண்டிய சாமான் கொஞ்சம்தான்: ஒரு மல்ரிமீற்றர், இரண்டு நீள வயர் பற்றுவைத்த 12 வோல்ற் பல்பு ஒன்று, ஒரு குறடு, ஈயப்பற்று வைக்கும் அயன், சூடு காட்டினால் சுருங்கும் குழாய் ஒரு மீற்றர், கரண்ட்டை ஒரு பக்கத்துக்கு மட்டும் விடும் 1என்4007 டயோட் இரண்டு. மல்ரிமீற்றர் இல்லாவிட்டாலும் வயர் பற்றுவைத்த பல்பு முக்கால்வாசி வேலையைச் செய்யும்.

தொடங்க முன் பற்றரியின் மேலுள்ள எழுத்தையும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற பழைய ஹொண்டா கப், சலி போன்றவற்றில் 6 வோல்ற் வண்டிகளும் உண்டு. 12 வோல்ற் எல்.ஈ.டி. அதில் எரியாது, அல்லது மின்மினி மாதிரி மங்கலாகத் தெரியும். அதற்கு வைத்தியம் எதுவும் இல்லை. 6 வோல்ற் லைற்தான் வாங்க வேண்டும்.

மிகக் கெதியாக மின்னுகிறது

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். காரணமும் ஒன்றுதான்: எல்.ஈ.டி. இழுக்கும் கரண்ட் போதாது.

சின்ன வண்டிகளில் கொம்பனி போட்டிருப்பது பெரும்பாலும் 10 வாற் பல்பு. ஒரு பக்கத்தில் இரண்டு, அதாவது 20 வாற். 12.8 வோல்ற்றில் அது ஏறத்தாழ 1.6 அம்பியர் இழுக்கும். பெரிய ஜப்பான் வண்டிகளில் 21 வாற் பல்பு வரும். அதில் ஒரு பக்கம் 3.3 அம்பியர். நீங்கள் பூட்டிய எல்.ஈ.டி. ஒன்று 1.5 வாற் என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து கால் அம்பியர்கூட வராது. இப்போதைய எலெக்ட்ரோனிக் பிளாசர்களில் பல, ஒரு பல்பு எரிந்து போனால் ஓடுகிறவருக்குத் தெரியட்டும் என்று வேகத்தைக் கூட்டும்படி செய்யப்பட்டவை. கரண்ட் குறைந்ததைக் கண்டதும் பல்பு போய்விட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. பிளாசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

உறுதிப்படுத்த, அந்தப் பக்கத்துப் பின் லைற்றின் வயரில் பழைய பல்பை எல்.ஈ.டி.யோடு சமாந்தரமாக, அதாவது எல்.ஈ.டி.யின் அதே இரண்டு வயரிலும், கொழுவுங்கள். வேகம் இறங்கினால் சந்தேகமில்லை.

ஒரு பக்கம் மட்டும் கெதியாக மின்னி, மற்றப் பக்கம் ஒழுங்காக இருந்தால் கதை வேறு. அங்கே பிளாசரில் கை வைக்க வேண்டாம். கெதியான பக்கத்தில் ஒரு லைற் எரியாமல் இருக்கும், அல்லது அதன் ஏர்த் சரியில்லாமல் இருக்கும். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்.

இரண்டு பக்கமும் கெதி என்றால் எல்.ஈ.டி.க்குரிய பிளாசர் வாங்குங்கள். அதன் மேல் 0.02 அம்பியர் அல்லது 0.1 அம்பியர் என்று தொடங்கி 10, 20 அம்பியர் வரை ஒரு வீச்சு அடித்திருக்கும். அப்படி இருந்தால் அது சுமையைப் பார்க்காமல் ஒரே வேகத்தில் மின்னும். "12 வோல்ற் 10 வாற் x 2" என்று மட்டும் அடித்திருந்தால் அது பல்புக்குரியது. கடைக்காரர் எதைச் சொன்னாலும் திருப்பிக் கொடுங்கள்.

வாங்க முன் பழையதைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள். வயர் கொழுவும் கால் இரண்டா மூன்றா என்பது முக்கியம். இரண்டு கால் உள்ளதில் பி என்பது பிளஸ் வரும் கால், எல் என்பது சுவிச்சுக்குப் போகும் கால். மூன்றாவது இருந்தால் அது ஈ, ஏர்த். புதியதில் கால்கள் அதே வரிசையில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். எழுத்தைப் பார்த்துக் கொழுவுங்கள். சூடேறி வேலை செய்யும் பழைய சூட்டுப் பிளாசரில் இரண்டு காலை மாற்றிக் கொழுவினாலும் வேலை செய்திருக்கும். எலெக்ட்ரோனிக் பிளாசர் அப்படி விடாது. மாறினால் அசையாது, சிலது செத்தும் போகும்.

சில பிளாசரின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். வேகம் கூட்டிக் குறைக்க அது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் இருக்க வேண்டும். 80, 85 பார்க்க நன்றாக இருக்கும். மணிக்கூட்டை வைத்து 15 வினாடிக்கு 20, 21 தடவை மின்னுகிறதா என்று எண்ணிச் சரிசெய்யலாம்.

பிளாசர் மாற்றுவதற்குப் பதிலாக, குறைகிற கரண்ட்டைத் தான் இழுக்கும் ரெசிஸ்ரர் போடுவது அடுத்த வழி. பொன்னிறப் பெட்டிக்குள் வரும் அலுமினிய ரெசிஸ்ரர். அதை லைற்றுக்குச் சமாந்தரமாக, சிக்னல் வயருக்கும் ஏர்த்துக்கும் இடையில் போட வேண்டும். வயரை வெட்டி நடுவில் வைத்தால் லைற் மங்கும், வேகம் மாறாது. 10 வாற் பல்பு இருந்த வண்டிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக 10 ஓம், 25 வாற் போதும். 21 வாற் பல்பு இருந்த வண்டிக்கு 8 ஓம், 50 வாற் பக்கத்துக்கு இரண்டு. 13.5 வோல்ற்றில் 10 ஓம் ரெசிஸ்ரர் ஒன்று எரியும் நேரத்தில் 18 வாற் சூட்டைக் கொட்டும். மதவடியில் சிக்னலைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் நின்றால் கை வைக்க முடியாது. பிளாஸ்ரிக் மட்காட்டிலோ வயர்க் கட்டோடு சேர்த்தோ கட்டினால் உருகும். சேசியின் இரும்பில் திருகிப் பூட்டுங்கள்.

எல்.ஈ.டி. போட்டதே கரண்ட் மிச்சம் பிடிக்க. அதை ரெசிஸ்ரரில் எரித்துவிட்டால் பிறகு என்ன பயன்? பிளாசரைத் தனியாகக் கழற்ற முடிகிற எந்த வண்டிக்கும் பிளாசர் மாற்றுவதே நல்லது. பிளாசர் தனியாக இல்லாமல் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே அடங்கி வரும் சில புது வண்டிகளுக்குத்தான் ரெசிஸ்ரர் தேவைப்படுகிறது.

எரிகிறது, மின்னவில்லை

சுவிச்சைத் தட்டியதும் லைற் எரிந்து அப்படியே நிற்கிறது. பழைய சூட்டுப் பிளாசர் உள்ள வண்டிகளில் இது வரும். அதற்குள் இருப்பது கரண்ட் போகும்போது சூடேறி வளையும் இரட்டை உலோகத் தகடு. கால் அம்பியரில் தகடு சூடேறாது, வளையாது, தொடர்பு துண்டிக்காது. எல்.ஈ.டி. பிளாசர் போட்டால் முடிந்தது.

புது எலெக்ட்ரோனிக் பிளாசர் போட்ட பிறகும் இப்படி நின்றால் மூன்றாவது காலைப் பாருங்கள். ஈ கால் ஏர்த் ஆகாவிட்டால் உள்ளேயிருக்கும் சேர்க்கிட் ஓடாது. இரண்டு கால் இருந்த வண்டிக்கு மூன்று கால் பிளாசர் போடுகிறவர்கள் மூன்றாவதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அதிலிருந்து ஒரு வயரைச் சேசிக்குப் போட்டுப் பாருங்கள்.

பற்றரி இறங்கியிருந்தாலும் மின்னல் மெதுவாகும் அல்லது நிற்கும். என்ஜின் நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் நல்ல பற்றரி 12.6 வோல்ற்றுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

ஒரு பக்கம் போட்டால் நான்கும் மின்னுகிறது

இதில்தான் ஆட்கள் நாள் முழுக்க அலைகிறார்கள். பிளாசர் மாற்றியும் போகாது, லைற் மாற்றியும் போகாது. ஏனென்றால் காரணம் மீற்றருக்குள் இருக்கிறது.

இடத்துக்கும் வலத்துக்கும் ஒரே ஒரு பச்சைப் பைலட் பல்பு உள்ள வண்டிகளில், அந்தப் பல்பின் ஒரு கால் இடப்பக்க வயரிலும் மற்றக் கால் வலப்பக்க வயரிலும் கொழுவப்பட்டிருக்கும். அதற்கென்று தனி ஏர்த் இல்லை. இடது சிக்னலைப் போட்டால் இடது வயரில் 12 வோல்ற். அது பைலட் பல்புக்குள்ளால் போய், வலது பக்கப் பெரிய பல்புகளின் இழை வழியாக ஏர்த்தைச் சேரும். பைலட் பல்பு 2 அல்லது 3.4 வாற்தான். அந்தச் சின்னக் கரண்ட் 10 வாற் இழையைச் சிவக்கக்கூட வைக்காது. அதனால் கொம்பனிக்கு ஒரு வயர் மிச்சம்.

எல்.ஈ.டி. வந்ததும் அந்தக் கணக்கு உடைகிறது. பைலட்டுக்குள்ளால் கசியும் கால் அம்பியர் எதிர்ப்பக்க எல்.ஈ.டி. இரண்டையும் எரிக்கத் தாராளமாகப் போதும். வெங்காயத் தோட்டத்தில் ஒரு பாத்திக்குத் திறந்த தண்ணீர், கட்டாத மடையால் பக்கத்துப் பாத்திக்கும் போவது போல.

சோதனை சுகமானது. மீற்றருக்கு அடியிலிருந்து பைலட் பல்பை இழுத்து எடுத்துவிட்டு சிக்னலைப் போடுங்கள். மற்றப் பக்கம் நின்றுவிட்டால் இதுதான் காரணம். சிலர் அதை அப்படியே எடுத்துவிட்டு ஓடுகிறார்கள். சிக்னல் போட்டது மறந்துபோய் இரண்டு சந்தி தாண்டியும் மின்னிக்கொண்டு போவது அதனால்தான். அப்படி விட வேண்டாம். டயோட் இரண்டின் விலை ஒரு பிளேன் ரீயின் விலைகூட வராது.

டயோட் போடும் முறை: பற்றரி மைனஸைக் கழற்றுங்கள். பைலட் பல்பு சொக்கற்றுக்கு வரும் இரண்டு வயரையும் சொக்கற்றிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள். வண்டிப் பக்கம் இப்போது இரண்டு நுனி இருக்கும், ஒன்று இடது, மற்றது வலது. ஒவ்வொன்றிலும் ஒரு டயோட்டைப் பற்றுவையுங்கள். டயோட்டின் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். கோடு இல்லாத முனை வண்டி வயருக்கு. கோடு உள்ள இரண்டு முனையையும் ஒன்றாக முறுக்கி, சொக்கற்றின் ஒரு வயரில் பற்றுவையுங்கள். சொக்கற்றின் மற்ற வயரை ஏர்த்துக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பற்றின் மேலும் சுருங்கும் குழாய். குழாயைப் பற்றுவைக்க முன் வயரில் கோர்த்துவிட மறக்க வேண்டாம். டயோட் கால் நிர்வாணமாக இருந்து ஒன்றில் ஒன்று முட்டினால் பழைய கதைதான்.

1என்4007 ஒரு அம்பியர் தாங்கும். பைலட் பல்பு கால் அம்பியரைக் கொஞ்சம்தான் தாண்டும், ஆகவே போதும். டயோட் 0.7 வோல்ற் எடுக்கும். பைலட் மங்குவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. பைலட்டும் எல்.ஈ.டி. என்றால் சொக்கற்றின் எந்த வயர் பிளஸ் என்று பார்த்துக் கொழுவ வேண்டும்.

ஏர்த் எடுக்கும் இடத்தில் கவனம். மீற்றருக்குள் கிட்ட இருக்கிறது என்று நியூட்ரல் பல்பின் வயரில் கொழுவிவிடுகிறார்கள். நியூட்ரல் பல்பின் ஒரு வயர் பிளஸ். மற்றது கியர்ப் பெட்டியிலுள்ள சுவிச்சுக்குப் போகிறது, நியூட்ரலில் மட்டும்தான் ஏர்த் ஆகும். கராஜில் நியூட்ரலில் வைத்துப் பார்க்கும்போது பைலட் வடிவாக மின்னும், முதலாம் கியர் போட்டதும் நின்றுவிடும். மீற்றர் வெளிச்சப் பல்பின் ஏர்த் வயரிலிருந்து எடுங்கள். ஹொண்டா, ஹீரோ ஹொண்டா வகையில் அது பச்சை.

இடம் வலம் என்று இரண்டு பச்சை அம்புக்குறி தனித்தனியாக உள்ள மீற்றரில் இந்தக் கோளாறு வராது. அப்படிப்பட்ட வண்டியில் நான்கும் மின்னினால் எங்கோ இடது வயரும் வலது வயரும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. அல்லது சிக்னலோடு கீ கீ என்று கத்தும் பசர் ஒன்றை யாரோ இடத்துக்கும் வலத்துக்கும் நடுவில் கொழுவியிருக்கிறார்கள். பசரைக் கழற்றிப் பாருங்கள். அதற்கும் வைத்தியம் அதே இரண்டு டயோட்தான்.

இன்னொன்று. மேலே சொன்ன ரெசிஸ்ரர் போட்ட வண்டியில் நான்கு மின்னுவதும் தானாகவே நின்றுவிடும். கசியும் கரண்ட் ரெசிஸ்ரர் வழியாக ஏர்த்துக்குப் போய்விடுவதால் எல்.ஈ.டி.க்கு வோல்ற் போதாது. சில கராஜ்களில் எதற்கும் ரெசிஸ்ரர் போடுவது இதனால்தான். வேலை சுருக்கம் என்பது உண்மை. சூடும் உண்மை.

ஒரு லைற் மட்டும் எரியவில்லை அல்லது மங்கலாக எரிகிறது

எல்.ஈ.டி.க்குப் பிளஸ், மைனஸ் உண்டு, பல்புக்கு இல்லை. முதலில் அந்த லைற்றின் இரண்டு வயரையும் மாற்றிக் கொழுவிப் பாருங்கள். புது லைற்களில் கறுப்பு ஏர்த் என்பது பொது வழக்கம். எல்லாரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. பூட்ட முன் பற்றரியில் நேரடியாக வைத்து எந்த வயரில் எரிகிறது என்று பார்த்து ரேப் சுற்றி அடையாளம் வைத்தால் பிறகு தலையிடி இல்லை. மூன்று வயர் வந்தால் ஒன்று ஏர்த், ஒன்று சிக்னல், ஒன்று எப்போதும் எரியும் பார்க் லைற். மூன்றாவது தேவையில்லை என்றால் நுனியில் குழாய் சுருக்கி மூடிக் கட்டிவிடுங்கள்.

வயர் மாற்றியும் எரியாவிட்டால் ஏர்த்தைப் பாருங்கள். கொம்பனி லைற்கள் சிலவற்றுக்கு ஒரே ஒரு வயர்தான். இரும்புத் தண்டு சேசியில் பூட்டப்பட்டு அதுவே ஏர்த். நீங்கள் வாங்கிய லைற்றின் தண்டு பிளாஸ்ரிக் அல்லது ரப்பர். அதன் கறுப்பு வயருக்கு வண்டியில் சோடி வயர் இல்லை. வளையக் காது ஒன்றை அழுத்திப் பூட்டி, சேசியில் ஒரு போல்ற்றின் கீழ் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு பூட்டி, மேலே வசலீன் பூசுங்கள். பெயின்ற்றுக்கு மேல் இறுக்கிய ஏர்த், ஏர்த் இல்லை.

எரிகிறது ஆனால் மங்கல் என்றால் மல்ரிமீற்றரை டி.சி. வோல்ற்றில் வைத்து, ஒரு முனையை லைற்றின் கறுப்பு வயரிலும் மற்றதைப் பற்றரி மைனஸிலும் வையுங்கள். சிக்னல் எரியும்போது 0.2 வோல்ற்றுக்குக் கீழே காட்ட வேண்டும். ஒன்று, இரண்டு வோல்ற் காட்டினால் ஏர்த் வழியில் கறள். காரைநகர், வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் ஓடும் வண்டிகளிலும் பண்ணைப் பாலத்தால் தினமும் போய்வரும் வண்டிகளிலும் இது முதல் சந்தேகம். உப்புக் காற்று செம்பு வயரைப் பச்சையாக்கும். வெளியே உறை நன்றாக இருக்கும், உள்ளே வயர் கறுத்துப் பொடியாகும். நுனியை வெட்டி, பளபளப்பான செம்பு வரும் வரை பின்னுக்குப் போங்கள்.

பிறேக் பிடித்தால் சிக்னலும் மங்குகிறது, அல்லது சிக்னலோடு பிறேக் லைற்றும் சேர்ந்து துடிக்கிறது என்றாலும் ஏர்த்தான். பின் பக்க லைற்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஏர்த் வயர். அது எங்கோ விட்டுப்போனதால் ஒன்றின் கரண்ட் மற்றதால் வழி தேடுகிறது. பின் மட்காட்டுக்குள் வயர்களைச் சேர்க்கும் கப்லரைத் திறந்து பாருங்கள்.

எதுவும் எரியவில்லை

ஹோர்ணை அடியுங்கள். பல வண்டிகளில் ஹோர்ணும் சிக்னலும் ஒரே பிளஸ்ஸில் வரும். ஹோர்ணும் இல்லை என்றால் பியூஸ், திறப்புச் சுவிச், பற்றரி முனை. ஹோர்ண் கத்துகிறது என்றால் பிளாசர் கப்லரைக் கழற்றி, பி, எல் வரும் இரண்டு ஓட்டைக்கும் ஒரு துண்டு வயரால் பாலம் போட்டுவிட்டு, சுவிச்சை இடம், வலம் தட்டுங்கள். லைற்கள் மின்னாமல் நின்று எரிந்தால் சுவிச், வயர், லைற் எல்லாம் நல்லது. பிளாசர்தான் செத்தது. அப்பவும் எரியாவிட்டால் சுவிச்சைத் திறந்து தொடர்புப் பித்தளையைத் துடையுங்கள். வலிகாமத்துச் செம்மண் தூசி கிறீஸோடு சேர்ந்து அங்கே களியாக நிற்கும்.

பியூஸ் போகிறது

புதுப் பியூஸை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு எரிக்காதீர்கள். பெரிய பியூஸ் போடவே வேண்டாம், வயர் எரியும். பியூஸ் இருந்த இடத்தில் 21 வாற் பல்பு ஒன்றை வயர் பற்றுவைத்துக் கொழுவுங்கள். திறப்பைப் போட்டதும் மற்றச் சாமான்களின் கரண்ட்டில் அது கொஞ்சம் எரியலாம். இடது சிக்னல் போட்டதும் முழு வெளிச்சமாக எரிந்தால் இடது வயர் சேசியில் முட்டுகிறது. அப்படியே வைத்துக்கொண்டு ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள், வயர்களை ஒவ்வொன்றாக அசையுங்கள். பல்பு மங்கும் இடத்தில் குற்றம். அதிகம் அகப்படும் இடங்கள் இரண்டு: ஹெட் லைற் கூட்டுக்குள் வயரை அடைத்து மூடும்போது நசியும் விளிம்பு, மற்றது சிக்னல் தண்டில் வயர் உள்ளால் வரும் துளைப் போல்ற். அதன் உள்விளிம்பு பிளேட் மாதிரி இருக்கும். நட்டை இறுக்கும்போது வயரும் சேர்ந்து முறுகி உறை கிழிகிறது. தண்டைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். விளிம்பை அரத்தால் ஒருக்கால் தேய்த்துவிட்டால் இன்னும் நல்லது.

என்ஜின் ஓடும்போது மட்டும் கோளாறு

அக்சிலேற்றர் கொடுக்கும்போது லைற் படபடக்கிறது, அல்லது மாதத்துக்கு ஒரு எல்.ஈ.டி. சாகிறது. என்ஜினை ரேஸ் பண்ணிப் பற்றரி முனையில் வோல்ற் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுது, எந்த எல்.ஈ.டி. போட்டாலும் நிற்காது. செத்த பற்றரியோடு கிக் அடித்து ஓடுகிற வண்டியிலும் இதே நிலைதான். பற்றரிதான் வோல்ற்றைச் சமப்படுத்துவது. பல்பு அதைத் தாங்கியது, எல்.ஈ.டி. தாங்காது.

கிட்ட இருக்கிறது என்று ஹெட் லைற் வயரிலிருந்து பிளஸ் எடுத்திருந்தால் அதை மாற்றுங்கள். சின்ன வண்டிகள் பலவற்றில் ஹெட் லைற்றுக்கு வருவது என்ஜினிலிருந்து நேரே வரும் ஏ.சி. கரண்ட். என்ஜின் நின்றால் அதில் எதுவும் இல்லை.

மழைக்கு நிற்கிறது

ஐப்பசி, கார்த்திகையில் வரும் முறைப்பாடு. வெயில் வந்தால் தானே சரியாகிவிடும், அதனால் ஒருவரும் திருத்துவதில்லை. முறுக்கி ரேப் சுற்றிய மூட்டுகள்தான் காரணம். இங்கத்தைய வெயிலுக்கு ரேப்பின் பசை உருகி வழுக்கும், மாரியில் தண்ணீர் உள்ளே போகும். வயரை 15 மில்லிமீற்றர் உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாக முறுக்கி, ஈயம் ஓடும் வரை சூடாக்கி, குழாய் சுருக்குங்கள். பற்று வைத்த இடத்துக்குப் பக்கத்தில் வயர் விறைப்பாகிவிடும். அது அதிர்ந்தால் அங்கேயே முறியும், ஆகவே மூட்டின் இரண்டு பக்கத்தையும் சேசியோடு கேபிள் ரை போட்டுக் கட்டுங்கள். 0.5 சதுர மில்லிமீற்றர் வயர் கரண்ட்டுக்குப் போதும். அதிர்ச்சியைத் தாங்க 0.75 நல்லது.

லைற்றுக்குள் தண்ணீர் நின்றால் அடியில் சின்ன வடிதுளை இருக்கிறதா என்று பாருங்கள். பல லைற்கள் இடம், வலம் மாற்றிப் பூட்டப்படுவதால் துளை மேலே வந்து தண்ணீர் குடிக்கிறது. துளையே இல்லாதது என்றால் மூடியின் விளிம்பில் சிலிக்கன் ஓட்டலாம்.

இடது போட்டால் வலது எரிகிறது

வயர் மாறிவிட்டது. ஹொண்டாவில் செம்மஞ்சள் இடது, இளநீலம் வலது. யமஹாவில் கபிலம் இடது, கடும்பச்சை வலது. சுசுகியில் கறுப்பு இடது, இளம்பச்சை வலது. கவாசாகியில் பச்சை இடது, சாம்பல் வலது. சுசுகியின் கறுப்பைக் கண்டு ஏர்த் என்று நினைத்துச் சேசியில் கொழுவியவர்கள் பியூஸ் பகுதியைத் திரும்ப வாசிக்க வேண்டியிருக்கும். பல கை மாறிய வண்டியில் நிறத்தை நம்பாமல் சோதனைப் பல்பை வைத்துப் பாருங்கள்.

ஓடுகிற மாதிரி எரியும் லைற் பாதியில் நிற்கிறது

உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக எரிந்து போகும் வகைக்கு நேரம் வேண்டும். நிமிடத்துக்கு 85 தடவை என்றால் ஒரு முறை எரிவது 0.35 வினாடிதான். பிளாசர் திருகை 65, 70க்கு இறக்குங்கள். 60க்குக் கீழே போக வேண்டாம். அப்படியும் முடியாவிட்டால் அந்த லைற் அந்த வண்டிக்குச் சரிவராது.

பூட்டியதில் வரும் பிழைகள்

தண்டு காற்றுக்குத் திரும்புகிறது என்றால் மட்காட் ஓட்டை பெரிது. இரண்டு பக்கமும் வாசர் போட வேண்டும். பின் லைற்றை நம்பர் பிளேற்றுக்கு அடியில் பூட்டினால், பின்னுக்கு ஒருவரை ஏற்றி, பள்ளத்தில் இறக்கி, ரயர் வயரில் உரசுகிறதா என்று பாருங்கள். அழகுக்கென்று நெருக்கி வைத்தால் எந்தப் பக்கம் மின்னுகிறது என்று பின்னால் வருகிற பஸ்காரனுக்கு விளங்காது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 53ஆம் இலக்க ஒழுங்குவிதி முன் சிக்னல்களுக்கு இடையே குறைந்தது 240 மில்லிமீற்றரும், பின்னுக்கு 180 மில்லிமீற்றரும் கேட்கிறது. நிலத்திலிருந்து உயரம் 350 முதல் 1200 மில்லிமீற்றருக்குள். நிறம் அம்பர். பழைய கூட்டுக்குள் எல்.ஈ.டி. பல்பு மட்டும் மாற்றுகிறவர்கள் அம்பர்க் கண்ணாடிக்குள் அம்பர் எல்.ஈ.டி.யே போடுங்கள். வெள்ளை போட்டால் அதன் வெளிச்சத்தின் பெரும்பகுதியைக் கண்ணாடி தின்றுவிடும், நண்பகல் வெயிலில் சிக்னல் போட்டதே தெரியாது.